ஒரு லோடு என்பது யாது? தொரப்பள்ளி வட்டார வழக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

பாயிரம்

ஆங்கிலத்திலிருந்து வந்து தமிழில் குடியேறிய அளவைப் பெயர்களுள் டஜன், குரோசு, செட்டு ஆகியவற்றைப் பற்றி அறிஞருலகம் பெரிதாகக் கவலை கொள்ளாமைக்கு அவை ஓரளவு அடக்கமானவை என்பதே காரணம் ஆகும். டஜன் என்றால் பன்னிரண்டு, குரோசு என்றால் பன்னிரண்டு டஜன், செட்டு என்றால் கடைக்காரர் அன்று எத்தனையைச் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறாரோ அத்தனை. ‘லோடு’ அத்தகையதன்று. அது மணலையும் அளக்கும், மாங்காயையும் அளக்கும், தண்ணீரையும் எருவையும் அளக்கும். ஆயின் எதையும் இவ்வளவு என்று சொல்லாது. விலை பேசும் இருவரும் அச்சொல்லைக் கேட்டவுடன் பொருள் முழுதும் விளங்கியவர்களாய்த் தலையாட்டுவதும், சரக்கு வந்து இறங்கியபின் ஒவ்வொருவருக்கும் விளங்கியது வெவ்வேறு பொருள் என்று தெரியவருவதும் களத்தில் அன்றாடம் காணக்கிடப்பவை. இம்முரணை இதுகாறும் எவரும் ஆராயாமல் விட்டமைக்கு, அவர்களுக்கு வேறு வேலை இருந்தது என்பதைத் தவிரப் பிறிதொரு காரணம் புலப்படவில்லை.

ஆய்வுக்களமாகக் கொள்ளப்பட்டது ஓசூரை அடுத்துத் தென்பெண்ணையாற்றின் பக்கத்தில் உள்ள தொரப்பள்ளி. 1878 டிசம்பர் 10 அன்று ராஜாஜி பிறந்த ஊர் என்பதால் அரசாங்கத்தின் நினைவிலும், ஓசூர் வீங்க வீங்கச் சுற்றுவட்டமெங்கும் கட்டடம் எழும்பிக்கொண்டே இருப்பதால் டிப்பர் ஓட்டுநர்களின் நினைவிலும் இவ்வூர் நிலைபெற்றுள்ளது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் ஒரே டீக்கடைப் பெஞ்சில் அமர்ந்து பேசப்படும் இவ்வட்டாரத்தில் ‘ஒக லோடு’, ‘ஒந்து லோடு’, ‘ஏக் லோடு’, ‘ஒரு லோடு’ என எண் மட்டுமே மாறுகிறது, லோடு மாறுவதில்லை. மொழிவாரி மாநிலப் பிரிவினையின்போது எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எவை எவை என்று எவ்வளவோ வாதிட்டவர்கள், இச்சொல்லை இரு பக்கமும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டனர் போலும்.

ராஜாஜியை இங்கே நினைவுகூர்தல் ஊர்ப்பாசத்தால் மட்டும் அன்று. அவரும் நண்பர்களும் சேர்ந்து 1916இல் சேலத்தில் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் என்ற ஒன்றை அமைத்து, விஞ்ஞானச் சொற்களுக்குத் தமிழில் பெயர் வகுக்க முனைந்தனர் என்பது வரலாறு. பரிபாஷை என்பது கலைச்சொல். ரசாயனத்துக்கும் பௌதிகத்துக்கும் பரிபாஷை தேடியவர் பிறந்த ஊரில், செங்கல் இறக்குமிடத்தில் வழங்கும் சொல்லுக்குப் பரிபாஷை வேண்டும் என்று ஒருவரும் மனுப் போடவில்லை. ‘சுமை’ என்ற சொல் ஆயத்தமாகவே இருந்தது, ‘பாரம்’ என்பதும் இருந்தது. ஆயினும் ‘ஒரு சுமை எம்சாண்டு அனுப்புங்கள்’ என்று தொலைபேசியில் கேட்பவருக்கு எம்சாண்டு என்னும் செயற்கை மணல் வராது, எதிர்முனையில் இருப்பவர் தன் முதலாளியைக் கூப்பிடுவார்.

பெயரியல்

தொல்காப்பிய விதிப்படி லகர மெய் தமிழில் சொல்லுக்கு முதலாகாது. ஆகவே இலக்கணம் பிழையாதோர் ‘உலோடு’ என்றோ ‘இலோடு’ என்றோ எழுதவேண்டும். அவ்வாறு எழுதிய சீட்டு எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. உலகச் சொற்கள் யாவும் தமிழிலிருந்தே கிளைத்தன என்னும் பள்ளியைச் சார்ந்தோர் இதனை ‘உள் + ஓடு’ எனப் பிரித்து, உள்ளே சரக்கோடு ஓடுவது லோடு எனப் பொருளுரைக்கக்கூடும். இவ்விளக்கம் தவறு என்று நிறுவுவது எளிது. ஆயினும் நிறுவினால் அப்பள்ளியினர் எழுதும் மறுப்பு நூலையும் படிக்க நேரும் என்பதால் அப்பணி இங்குத் தவிர்க்கப்படுகிறது.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் முன்னோடி ‘லாட்’ என நீண்டு ஒலித்தது. அதற்கு வழி, போக்கு, சுமந்து செல்லுதல் என்பன பொருள். வழிநடத்துதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதற்கு உறவே. எனவே லோடு என்பது பிறப்பில் பண்டத்தின் பெயரன்று, பயணத்தின் பெயர். இக்குறிப்பை வாசகர் மடித்து வைத்துக்கொள்ள வேண்டும், பின்னர் தேவைப்படும்.

ஆங்கிலேயர் பயணத்தை மறந்து அளவைப் பிடித்துக்கொண்டபோது ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒவ்வொரு லோடு வகுத்தனர். வைக்கோலுக்கும் உலர்புல்லுக்கும் ஒரு லோடு என்றால் 36 கட்டு. ஆயின் பழைய புல்லாயின் கட்டு 56 பவுண்டு, புதுப் புல்லாயின் 60 பவுண்டு, வைக்கோலாயின் 36 பவுண்டு. இழைத்துச் சதுரித்த மரமாயின் ஒரு லோடு 50 கன அடி, பட்டையோடு கிடக்கும் உருட்டு மரமாயின் 40 கன அடி. கோதுமைக்கு 40 புஷல். இவ்வளவையும் மனப்பாடம் செய்த ஒரு நாடு, நமது வீசை, மணங்கு, கண்டி கணக்கைக் குழப்பமானது என்று வருவாய்க் கையேடுகளில் எழுதிவைத்தது என்பதை இவ்விடத்தில் சொல்லாமல் விடுவதற்கில்லை. 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு, 20 மணங்கு ஒரு கண்டி என்பதில் குழப்பம் எங்கே இருக்கிறது என்று தேடியும் கிடைக்கவில்லை. புல் பழையதா புதியதா என்று முகர்ந்து பார்க்கும் வேலையாவது அதில் இல்லை.

சீன மொழி பேசுவோர் ஆங்கிலம் கற்கையில் இச்சொல்லிடத்துப் படும் பாடு தனித்துக் கருதத்தக்கது. சீனத்தில் எண்ணையும் பெயரையும் நேரே ஒட்டவைக்க இயலாது. இடையே அளவுச்சொல் ஒன்று நின்றாக வேண்டும், மூன்று நூல் எனச் சொல்லாது மூன்று ‘பென்’ நூல் எனச் சொல்லவேண்டும். மணலாயின் ‘ஒரு ச்செ மணல்’ என்பர். ‘ச்செ’ என்றால் வண்டி. தோளில் மூங்கிலைக் குறுக்கே வைத்து இரு முனையிலும் தொங்கவிட்டுத் தூக்கும் சுமையோ ‘டான்’ எனப்படும், அதற்கு 100 ‘ஜின்’ என்று திட்டமான நிறை உண்டு, இன்றைய கணக்கில் 50 கிலோ. மலாய்க்காரர் அதே தோள்சுமையைத்தான் ‘பிக்குல்’ என்றனர். மலாயாத் தோட்டங்களுக்குப் போன தமிழரும் அக்கணக்கை அறிந்திருந்தனர். ஆகவே சீன மாணவருக்குச் சுமை என்றால் ஒரு நிறை, வண்டி என்றால் ஓர் ஏனம். அவர் தொரப்பள்ளிக்கு வந்து ‘ஒரு லோடு’ என்று கேட்டால், அவர் மனத்தில் டான் இருக்குமோ ச்செ இருக்குமோ தெரியாது. டிப்பர்க்காரரின் மனத்தில் இருப்பது அன்றைக்கு எந்த வண்டி சும்மா நிற்கிறது என்பது.

வகையியல்

லோடு பலவகைப்படும்.

மின் லோடு: மின்வாரியத்தார் கிலோவாட்டில் அளிப்பது, வீட்டார் பியூஸ் போனபின் அறிவது.

பக்க லோடு: கைபேசியில் வட்டம் சுற்றுவது, அளவை அன்று, தவம்.

தக்காளி லோடு: கிரேட்டில் அடுக்கி எண்ணப்படுவதால் சச்சரவுக்கு இடமின்றி ஆய்வாளரை ஏமாற்றுகிறது.

பொய் லோடு: தமிழில் இதற்கு ‘வண்டி வண்டியாகப் பொய்’ என்ற வழக்கு லாரிகள் வருமுன்பே இருந்தது, சீனரின் ச்செயும் நம்முடைய வண்டியும் இவ்விடத்தில் கைகுலுக்குகின்றன.

ஓவர்லோடு: 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு இதற்கு இலக்கணம் வகுத்துள்ளது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இதற்கு அபராதம் 20,000 ரூபாய், அத்துடன் மிகையாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். லோடு என்பதற்கு வரம்பு இல்லாத உலகில் ஓவர்லோடு என்பதற்கு மட்டும் வரம்பு உண்டு என்பதும், அதுவும் 2018 ஜூலையில் அச்சு ஒன்றுக்கான நிறையை அரசு கூட்டியபோது ஒரே இரவில் பல ஓவர்லோடுகள் வெறும் லோடுகளாகிவிட்டன என்பதும் தத்துவ மாணவர் சிந்தனைக்குரியன.

குட்டியானை லோடு: டாட்டா ஏஸ் என்னும் சிறுவண்டியை மக்கள் குட்டியானை என அழைப்பர், இது முக்கால் டன் சுமக்க வகுக்கப்பட்டது. இதற்குப் போட்டியாக வந்த தோஸ்த் என்னும் வண்டி, ஒன்றேகால் டன் சுமப்பது, ஓசூரிலேயே அசோக் லேலண்டு ஆலையில் உருவானது. ஓர் அளவை வழங்கும் ஊரிலேயே அதன் படியும் வார்க்கப்படுவது அளவையியல் வரலாற்றில் அரிய பேறு. பாரிசுப் புறநகரத்தார் பிளாட்டினக் கிலோவை மூன்று கண்ணாடி மூடிக்குள் வைத்துக் காத்தனர், ஓசூரார் தங்கள் படியைத் தவணையில் விற்றுவிடுகின்றனர்.

குவியலியல்

இனி இவ்வாய்வின் உயிர்நிலைக்கு வருவோம். ஒரு லோடு மணல் என்பது வண்டிப் பலகையின் விளிம்போடு தலை தட்டியதா, விளிம்புக்கு மேலே குவிந்ததா என்னும் வினாவில் உலகம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. வாங்குவோர் குவியற் கொள்கையினர், விற்போர் மட்டக் கொள்கையினர். வாங்கியதை விற்கத் தொடங்கியோர் முதற் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்குச் சமயம் மாறுவர் (டீக்கடை மரபு, வலப்பக்கப் பெஞ்சு).

நெல்லளந்த காலத்திலேயே படியைத் தலை தட்டி அளப்பதா, கோபுரம் வைத்து அளப்பதா என்ற வழக்கு இருந்தது. குத்தகை வாங்கும்போது கோபுரமும் கூலி கொடுக்கும்போது தட்டலும் நியாயம் எனக் கொள்ளப்பட்டன. மணல் லோடு அவ்வழக்கின் நேர் வாரிசு. கணக்கு வழியே இதன் பெருமையைக் காணலாம். நீளம் 10 அடி, அகலம் 6 அடி, பக்கப் பலகை ஒன்றரை அடி உள்ள டிராக்டர் டிரெய்லர் ஒன்றை எடுத்துக்கொண்டால் தலை தட்டிய கொள்ளளவு 90 கன அடி. உலர்ந்த மணல் சரிந்து நிற்கும் கோணம் ஏறத்தாழ 34 பாகை. அக்கோணத்தில் நான்கு விளிம்பிலிருந்தும் சரிவு எழுப்பினால் நடுமுகடு இரண்டடி உயரும், குவியல் மட்டும் 48 கன அடிக்குக் குறையாது. அதாவது, இரு தரப்பாரும் ஒரே வண்டியைப் பார்த்து ஒரே சொல்லைச் சொல்லும்போது அவர்களிடையே உள்ள இடைவெளி பாதி வண்டிக்கும் அதிகம். தமிழாய்வுலகில் ஒரு காப்பியத்தின் காலத்தை ஒருவர் இரண்டாம் நூற்றாண்டு என்றும் மற்றவர் ஆறாம் நூற்றாண்டு என்றும் கூறி, இருவரும் அதே சொற்சான்றைக் காட்டுவதை அறிந்தோர் இதில் வியக்கமாட்டார்.

மட்டக் கொள்கையினர் இதற்கு ‘யூனிட்’ என்ற சமரசத்தை முன்வைத்தனர். யூனிட் என்பது 100 கன அடி, இன்றைய மெட்ரிக் கணக்கில் 2.83 கனமீட்டர், மணலாயின் ஏறக்குறைய நாலரை டன். இரண்டு யூனிட் லோடு, மூன்று யூனிட் லோடு எனச் சொல்லிவிட்டால் சண்டை தீரும் என்பது அவர்தம் கருத்து. குவியற் கொள்கையினர் இதை ஏற்றனர், ஏற்றபின், யூனிட்டைத் தலை தட்டி அளப்பதா குவித்து அளப்பதா என்று கேட்டனர் (சிமெண்டு மூட்டையின் காகிதத்தில் பென்சிலால் எழுதிய கணக்கு, முன்பக்கம், ஆலை முத்திரைக்கு மேலே, பின்பக்கத்தில் உள்ளது வேறொரு வீட்டின் கக்கூஸ் தொட்டிக் கணக்கு என்பர், அதை இதனோடு சேர்த்து வாசிப்பது பதிப்பு நெறியன்று).

இவ்விடத்தில் ஒரு காட்சியை விரித்துரைத்தல் பொருந்தும். பாதி எழும்பிய வீடொன்றின் வாசலில் டிப்பர் நிற்க, வீட்டுக்கார அம்மாள் சேலைத் தலைப்பால் தூசியை மறைத்தபடி பலகை விளிம்பைப் பார்க்கிறார்; மேஸ்திரி ஒரு கம்பியை மணலுக்குள் செருகி எடுத்து, கட்டைவிரலால் அளவைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் நிற்கிறார்.

‘ஏம்ப்பா, நேத்து வந்தது மேலே கோபுரமா இருந்துச்சே?’

‘நேத்து ஈரம்மா. ஈர மணலு உப்பிக்கிட்டு நிக்கும். இது காஞ்சது. உள்ள மணலு ரெண்டுலயும் ஒண்ணுதான்.’

‘அப்ப முந்தாநேத்து ஈரமா வந்துச்சு, அதுல ஏன் கோபுரம் இல்ல?’

‘ஈரம்னா வெயிட்டுமா. ரோட்ல அசஞ்சு அசஞ்சு உக்காந்துருச்சு.’

மேஸ்திரி கட்டைவிரலை எடுத்துவிட்டுக் கம்பியைச் சுவரில் சாய்க்கிறார். அவருக்கு இரண்டு பக்கமும் நாளைக்கும் வேலை இருக்கிறது.

ஓட்டுநர் முதலில் கூறியது பசப்பு என்று தோன்றினும் பௌதிகம் அவர் பக்கமே உள்ளது. மணலில் நூற்றுக்கு ஐந்து பங்களவு ஈரம் ஏறினால், பரல்களைச் சுற்றிப் படியும் நீர்ப்படலம் அவற்றை ஒன்றையொன்று தள்ளி நிறுத்துவதால் கன அளவு கால் பங்கு வரை, பொடி மணலாயின் அதற்கு மேலும், பெருகும் என்பதும், முழுக்க நனைந்துவிட்டால் படலம் அழிந்து மணல் பழைய அளவுக்கே இறங்கிவிடும் என்பதும் கட்டடப் பொறியியல் மாணவர் பாடத்திலேயே கற்பவை. ஆகவே இலேசான ஈரத்தில் கோபுரம் தெரிந்தால் அது காற்று, கோபுரம் தெரியாவிட்டால் அது ரோடு. இரு நிலையிலும் வாங்குபவருக்கு விடை கிடைக்கிறது, மணல் கிடைக்கவில்லை.

தண்ணீர் லோடு வந்தபோது மட்டக் கொள்கையினர் வெற்றி முரசு கொட்டினர். தண்ணீரைக் குவிக்க இயலாது அன்றோ. ஆயின் குவியற் கொள்கையினர் தளரவில்லை. டேங்கரின் மூடிவழியே தளும்பித் தெருநெடுகச் சிந்தும் நீரே அந்த லோட்டின் குவியல் என்றும், அது வாங்குபவருக்கு உரியது என்றும், அதை விற்றவர் சாலைக்குத் தானமாக வழங்கிவிட்டார் என்றும் வாதிட்டனர். இவ்வாதத்துக்கு விடையிறுக்க டேங்கரின் மேனியில் எழுதியுள்ள அளவைத் தகட்டெழுத்தை ஆராய வேண்டியுள்ளது. ‘12000 லி’ என்று வரையப்பட்டதில் கடைசிப் பூச்சியம் வெயிலில் உரிந்து ‘1200 லி’ என நிற்கும் ஒரு டேங்கரைக் கொள்வோம். எண்ணை உள்ளவாறே படிக்கவேண்டும் என்பர் ஒரு சாரார், உரிந்த இடத்தைச் சதுர அடைப்புக்குள் நிரப்பிப் படிக்கலாம் என்பர் மறுசாரார், பெயிண்டர் முதலிலேயே ஒரு பூச்சியத்தைக் கூட்டி எழுதினார், காலம் அதைத் திருத்தியது என்பாரும் உளர் (தகட்டெழுத்து, ஓட்டுநர் பக்கம், ‘ஒலி எழுப்புக’ என்னும் வரிக்குக் கீழே, எலுமிச்சம்பழம் தொங்கும் கயிறு மறைக்கும் பகுதி நீங்கலாக, அப்பகுதியில் இருந்தது முன்னாள் உரிமையாளரின் மகள் பெயர் எனக் கருதுவோர் அதன் அடியாக ஒரு வமிசாவளியே வரைந்துள்ளனர், அதில் மூன்று தலைமுறை அரசாண்டிருக்கிறது, கயிற்றை விலக்கிப் பார்த்தபோது இருந்தது ‘டீசல்’ என்னும் சொல்). சிதைந்த ஒற்றை எழுத்திலிருந்து ஒரு பேரரசைக் கட்டுவது கல்வெட்டியலில் முன்பே கைவந்த கலையாதலால் இதில் புதுமை ஒன்றும் இல்லை.

எரு லோடு பற்றி: குவியல் உண்டு, வாதிடுவோர் கிட்டே வருவதில்லை.

சட்டவியல்

2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம், 11ஆம் பிரிவில், நிலையான அலகுகளில் அன்றி வேறெவ்வகையிலும் விலை கூறவோ பட்டியல் தரவோ அளவு காட்டவோ கூடாது என விதிக்கிறது. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் முறை நாட்டில் அடியெடுத்து வைத்தது. படி, வீசை, பலம் எல்லாம் அதற்குத் தலைவணங்கி விலகின. லோடு மட்டும் சட்டத்தின் கண்ணில் படாமல் அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது, ஹாரன்கூட அடிக்கவில்லை.

சரக்கு சேவை வரியில் இதைவிட நயமான நிலை. மின்வழிச் சீட்டில் நிரப்புவதற்கென அரசு தந்துள்ள அலகுப் பட்டியலில் பை உண்டு, பேல் உண்டு, கட்டு உண்டு, டிரம் உண்டு, ரோல் உண்டு. 1,728 எண்ணிக்கையாகிய பெருங்குரோசு உண்டு. ஏன், பக்கிள் என்ற அலகும் உண்டு. லோடு இல்லை. ஓசூரை அடுத்த ஜூஜூவாடி மாநில எல்லையை நாள்தோறும் கடப்பவற்றுள் எத்தனை பெருங்குரோசு, எத்தனை பக்கிள், எத்தனை லோடு என்று ஒரு டீ குடிக்கும் நேரம் நின்று எண்ணினாலே போதும், அப்பட்டியலைத் தொகுத்தவர் எல்லைப்புறம் வந்தவர் அல்லர் என்று துணியலாம். பட்டியலின் இறுதியில் ‘இதர’ என்றொரு குறி உண்டு. இந்தியப் பொருளாதாரத்தில் பெரும்பகுதி அங்கேதான் ஏற்றப்படுகிறது.

துணிபு

மேற்கண்ட சச்சரவுகள் யாவும் லோடு என்பது சரக்கின் அளவு என்ற ஒரே பிழையிலிருந்து எழுந்தவை. வழக்கை உற்றுநோக்கின் உண்மை வேறு. ஓட்டுநர் ஒருவர் மாலையில் ‘இன்னைக்கு ஏழு லோடு அடிச்சேன்’ என்கிறார்; ஏழு லோடு மணல் என்றோ ஏழு லோடு ஜல்லி என்றோ சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை, அவர் எண்ணியது போய்வந்த தடவையை. பழந்தமிழ்க் குடியானவரும் இதையே ‘நடை’ என்றனர்; ‘நாலு நடை எரு’ என்றால் வண்டி நான்கு முறை வயலுக்குப் போயிற்று என்பதே பொருள், எருவை எவரும் தராசில் வைக்கவில்லை. எனவே தொரப்பள்ளி ஓட்டுநர், ஆங்கிலேயர் ஆயிரம் ஆண்டுகளில் தொலைத்துவிட்ட பொருளை, வழி, போக்கு, சுமந்து செல்லுதல் என்னும் ஆதிப்பொருளை, கிளட்சை மிதித்தே மீட்டெடுத்திருக்கிறார். மடித்து வைத்த குறிப்பை வாசகர் இப்போது விரிக்கலாம்.

இதற்கு அரசுச் சான்றும் உண்டு. 2024 மார்ச்சில் பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம் தலைவிரித்தாடியபோது மாவட்ட நிர்வாகம் டேங்கர் தண்ணீருக்கு விலை நிர்ணயித்தது. 6,000 லிட்டர் டேங்கர் 5 கிலோமீட்டருக்குள் என்றால் 600 ரூபாய், 5 முதல் 10 கிலோமீட்டர் என்றால் 750 ரூபாய். 12,000 லிட்டர் டேங்கர் முறையே 1,000 ரூபாயும் 1,200 ரூபாயும். இரு மடங்கு தண்ணீருக்கு இரு மடங்கு விலை இல்லை. அதே தண்ணீருக்குத் தூரம் கூடியதும் விலை கூடியது. தண்ணீருக்கு விலை என்று அறிவித்து, வண்டி ஓட்டத்துக்கு விலை வைத்தனர்.

துணிபு இவ்வாறு ஆயினபின் அரை லோடு என்னும் பண்டைச் சிக்கல் தானே அவிழ்கிறது. அரை லோட்டின் விலை முக்கால் லோட்டின் விலை என்பது இவ்வட்டாரத்தின் எழுதா விதி. சிறு பூச்சு வேலைக்கு மணல் வாங்கிய எவரும் இதை நொந்துகொண்டே ஒப்புவர். லோடு என்பது பயணம் எனின் இதில் அநியாயம் ஏதும் இல்லை, ஏனெனில் அரை லோட்டை ஏற்றிய வண்டியும் முழுத் தூரமும் வருகிறது. மாறாக, ‘பாதி விலைக்கு அரை லோடு’ என்று பிடிவாதம் பிடிப்பவருக்கு, கொள்கைப்படி, வண்டி பாதி வழியில் நின்றுவிட்டால் புகார் கூறும் உரிமை இல்லை. அத்தகையோர் சிலருக்கு அவ்வாறே நேர்ந்திருப்பதாகவும், காரணம் பஞ்சர் எனக் கூறப்பட்டதாகவும் ஒரு மரபு உண்டு (கல்லாப்பெட்டி அடி நோட்டு, கடைசித் தாள், எண்ணெய்க் கறை படிந்த இடத்துக்கு இடப்புறம், கறையையும் உரையாகக் கொள்வோர், அது வடைக்குரியது என்றும் போண்டாவுக்குரியது என்றும் இரு திறத்தராய், ஒருவர் கட்டுரையை மற்றவர் அடிக்குறிப்பில் கண்டித்தும் நன்றியுரையில் பாராட்டியும் வருகின்றனர்).

எஞ்சி நிற்பது ஒரே இடர்ப்பாடு, ‘எம்டி’ என வழங்கும் வெறும் வண்டி. மணலை இறக்கியபின் வண்டி காலியாகத் திரும்புகிறது. லோடு என்பது பயணமாயின் திரும்பும் பயணமும் லோடே ஆதல் வேண்டும். ஆயின் அதில் ஒன்றும் இல்லை. ஒன்றுமில்லாததை ஏற்றிய இந்த லோட்டுக்கும் வாடகை உண்டு, ‘போக வர’ என்று சொல்லி முதலிலேயே சேர்த்துவிடுவர். ஓட்டுநர் வழியில் ‘ரிட்டர்ன் லோடு’ கிடைக்கப்பெற்று, மாங்காய்ப் பருவத்தில் கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா வகை மாங்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டால், அந்த ஒரு பயணத்துக்கு மணல் வாங்கியவரும் மாங்காய் அனுப்பியவரும் ஆக இருவர் வாடகை தருகின்றனர். மணல் வாங்கிய அம்மாள் இதைக் கேள்வியுற்று, தான் வாடகை கொடுத்த வண்டியில் வந்த மாங்காயில் தனக்குப் பாதி வரவேண்டும் என்று வாதிட, அதற்கு ஓட்டுநர், அம்மாள் கொடுத்தது எம்டிக்கு, எம்டி பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று விடையிறுத்ததாக மேஸ்திரி மரபு கூறுகிறது.